மைதானத்தைத் தண்டிப்பதா, மறைத்தவரைத் தண்டிப்பதா?

2012ஆம் ஆண்டு யூலை 22ஆந் திகதி காலை, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பென் ஸ்டேட் சர்வகலாசாலையில், விளையாட்டு மைதானத்தின் அருகே நின்ற ஒரு வெண்கலச் சிலை பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டது. சிலைக்குரியவர் ஜோ பட்டேர்னோ. 1966 முதல் 2011 வரை அச்சர்வகலாசாலையின் உதைபந்தாட்டக் குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநராயிருந்து 409 வெற்றிகளை ஈட்டியவர். மறுநாள் அவ்வெற்றிகளில் 111 அவர் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. சிலையைப் பெயர்க்கலாம், ஆடி முடிந்த ஆட்டத்தைப் பெயர்ப்பது எங்ஙனம்? ஒரு குற்றம் நிகழ்ந்த நிறுவனத்தை எப்படித் தண்டிப்பது என்ற பெரிய வினா இச்சிறு வினாவினுள்ளே அடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நாம் அறிந்த ஆட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. அங்கே சர்வகலாசாலைகளின் ஆட்டம் மாணவரின் மாலைநேரப் பொழுதுபோக்கென்று எவரும் எண்ணிவிடலாகாது. பென் ஸ்டேட் மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமர இடமுண்டு. நுழைவுச் சீட்டாலும் தொலைக்காட்சியாலும் வரும் வருவாய் கோடிக் கணக்கானது. இத்தகைய இடத்தில் வெற்றி தேடித் தரும் பயிற்றுநரின் சொல், சர்வகலாசாலைத் தலைவரின் சொல்லையும் மிஞ்சி நிற்பதில் வியப்பில்லை.

இப்பயிற்றுநரின் கீழ் நெடுங்காலம் துணைப் பயிற்றுநராயிருந்தவன் ஜெரி சன்டஸ்கி. ஏழைச் சிறுவர்க்கு உதவுவதாகக் கூறி 1977இல் ஒரு தரும நிறுவனத்தையும் தொடங்கினான். அத்தரும நிறுவனமே அவனுக்கு வேட்டைக்காடாயிற்று. 1998இல் ஒரு தாய் முறையிட்டாள், விசாரணை நடந்தது, வழக்குத் தொடரப்படவில்லை. 1999இல் அவன் ஓய்வு பெற்றான். ஆயினும் குழுவின் கட்டடத்தினுள் நுழையும் உரிமை அவனிடமே இருந்தது. 2001இல் அக்கட்டடத்தின் குளியலறையில் ஒரு சிறுவனுடன் அவனைக் கண்ட இளம் உதவியாளர் ஒருவர் பட்டேர்னோவிடம் சென்று கூறினார். பட்டேர்னோ மேலதிகாரிகளிடம் கூறினார். மேலதிகாரிகள் தமக்குள் ஆலோசித்தனர். பொலிசாருக்கு மட்டும் ஒருவரும் கூறவில்லை. பத்து ஆண்டுகள் கழிந்து, 2011 நவெம்பரில்தான் சன்டஸ்கி கைதானான். 2012 யூனில் யூரிமார் 45 குற்றச்சாட்டுகளில் அவனைக் குற்றவாளி எனக் கண்டனர். தண்டனை 30 முதல் 60 ஆண்டு வரையிலான சிறை.

குற்றம் இழைத்தவனுக்கு உரியது கிடைத்தது. எஞ்சியது, மௌனம் காத்த நிறுவனம். இங்கேதான் தேசிய கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் களத்திலிறங்கியது. 2012 யூலை 23ஆந் திகதி அது விதித்த தண்டனைகள் இவை: 6 கோடி டொலர் அபராதம், நான்கு ஆண்டுகளுக்குப் பருவ இறுதிப் போட்டிகளில் ஆடத் தடை, விளையாட்டுப் புலமைப்பரிசில்களை 85இலிருந்து 65 ஆகக் குறைத்தல், 1998 முதல் 2011 வரை குழு ஈட்டிய வெற்றிகளை அழித்தல். சங்கம் தானாக ஒரு விசாரணையும் நடத்தவில்லை. சர்வகலாசாலையே அமர்த்திய, முன்னாள் மத்திய புலனாய்வுத் தலைவர் லூயிஸ் பிறீயின் அறிக்கையைக் கையிலெடுத்துக்கொண்டு, அது வெளியாகிய பதினோராம் நாளில் தீர்ப்பு எழுதிவிட்டது. அவ்வறிக்கையின் முடிவுகளைப் பட்டேர்னோவின் குடும்பத்தார் மறுத்தனர். அவரோ அவ்வாண்டு சனவரியிலேயே இறந்துவிட்டார். அவருடைய பழியை அளப்பது என் நோக்கமன்று. ஆனால் மறுவிசாரணைக்கு உட்படாத ஓர் அறிக்கையைத் தீர்ப்பாகக் கொள்வதை, நியாயஸ்தலத்தில் நின்று பழகிய எவனும் மனமொப்பி ஏற்கமாட்டான்.

இனி, அத்தண்டனை யார் முதுகில் விழுந்தது என்று பார்ப்போம். 2012இல் அக்குழுவில் ஆடிய 20 வயது இளைஞனுக்கு, அக்குளியலறைச் சம்பவம் நடந்த 2001இல் வயது 9. ஒரு சிறுவனைக் காக்கத் தவறியதற்காக, அக்காலத்தில் தானும் சிறுவனாயிருந்த ஒருவன் தண்டம் இறுக்கினான். வாய்க்காலை மறித்தவனை விட்டுவிட்டுக் காய்ந்த பயிரைப் பிடுங்கி எறிவதை எந்தக் கமக்காரன் நியாயம் என்பான்? விரும்பிய வீரர் தடையின்றி வேறு சர்வகலாசாலைக்குச் சென்று உடனேயே ஆடலாம் என்று சங்கம் அனுமதித்தது. அத்தீர்ப்பில் நான் மனமாரப் பாராட்டும் வரி அது ஒன்றே.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவற்றதன்று. அதனை அதற்குரிய மரியாதையோடு கூறவேண்டும். நிறுவனம் வாய்மூடியிருந்ததன் காரணம் குழுவின் பெயரும் அப்பெயரால் வரும் பணமுமே. ஆகையால் அப்பெயரிலும் பணத்திலும் அடி விழவேண்டும். அல்லாவிடில் நாளை இன்னொரு நிறுவனமும் மௌனமே இலாபம் என்று கணக்கிடும். இவ்வாறு கூறுவோர் பட்டேர்னோ நீக்கப்பட்ட 2011 நவெம்பர் இரவையும் சுட்டிக் காட்டுவர். அன்றிரவு ஆயிரக் கணக்கான மாணவர் தெருவிலிறங்கிச் செய்தி நிறுவனமொன்றின் வாகனத்தைக் கவிழ்த்தனர். பாழ்பட்ட சிறுவருக்காக அன்று, பதவியிழந்த பயிற்றுநருக்காக! அப்படியொரு வழிபாடு வளர்ந்துவிட்ட ஊரில் ஆட்டத்தையே சில காலம் நிறுத்தினாலென்ன என்ற எண்ணம் எனக்கும் எழுந்ததுண்டு. 1987இல் டெக்சாசிலுள்ள தென் மெதடிஸ்த சர்வகலாசாலைக்கு, வீரருக்கு இரகசியமாகப் பணம் கொடுத்த குற்றத்துக்காக, ஒரு பருவம் முழுவதும் ஆட்டம் நிறுத்தப்பட்டது. கைக்கூலிக்கு அத்தண்டனை என்றால், சிறுவர் கெடுக்கப்பட்டதை மறைத்ததற்கு அதைவிடக் குறைவா என்ற வினாவுக்கு இலகுவான விடையில்லை.

ஆயினும் கோபம் சட்டமாகிவிடாது. செய்த காலத்தில் எழுதப்பட்டிராத விதியைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்கலாகாதென்பது சட்டத்தின் அரிச்சுவடி. தமக்கு இவ்விடயத்தில் அதிகாரம் உண்டா என்று சங்கத்தின் அலுவலரே ஐயுற்றிருந்தனர் என்பது, பின்னர் எழுந்த வழக்கில் 2014இல் வெளிப்பட்ட அவர்களுடைய கடிதங்களாலேயே தெரியவந்தது. அத்திவாரமில்லாத சுவர் நிற்குமா? 2014 செத்தெம்பரில் போட்டித் தடை நீங்கியது. 2015 சனவரியில் ஏற்பட்ட இணக்கத்தால் அழிக்கப்பட்ட வெற்றிகள் யாவும் திரும்பி வந்தன. நிலைத்தது அபராதப் பணம் ஒன்றே. அது பென்சில்வேனியாவிலேயே சிறுவர் பாதுகாப்புக்குச் செலவிடப்படவேண்டுமென்று முடிவாயிற்று. எண்களை அழித்த தண்டனை ஒரு சிறுவனையும் காக்கவில்லை; பணத்தைப் பறித்த தண்டனை சிலரையேனும் காத்திருக்கும்.

விதி எழுதாமல் தண்டித்ததன் விளைவைப் பின்வந்த இரு வழக்குகளில் காணலாம். மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையின் வைத்தியன் லறி நாசர் நூற்றுக் கணக்கான பெண்களைக் கெடுத்தான். 2018 சனவரியில் அவனுக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறை விதிக்கப்பட்டது. சர்வகலாசாலை 332 பேருக்கு 50 கோடி டொலர் நட்டஈடு வழங்க இணங்கியது. அதே ஆண்டில் மெய்வல்லுநர் சங்கம், தன் விதிகள் எதுவும் மீறப்படவில்லை என்று கோப்பை மூடிவிட்டது. டெக்சாசின் பேலர் சர்வகலாசாலையில் வீரர்மீது எழுந்த பாலியல் வன்முறைப் புகார்கள் உரியவரிடம் சென்று சேரவில்லை; 2016இல் தலைமைப் பயிற்றுநரும் சர்வகலாசாலைத் தலைவரும் பதவி இழந்தனர். 2021 ஓகஸ்தில் சங்கம் கூறிய முடிவு யாது? நடந்தது ஏற்கத்தகாதது, ஆனால் அது சங்க விதிக்கு விரோதமன்று. வேறு குறைகளுக்காக 5,000 டொலர் அபராதம்! ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 6 கோடி வாங்கிய அதே சங்கம் இது.

மறைத்தவர் கதையையும் கேளுங்கள். பென் ஸ்டேட் தலைவராயிருந்த கிரஹம் ஸ்பானியர், சிறுவரை ஆபத்துக்குள்ளாக்கிய சிறு குற்றத்துக்காக 2017இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவருக்குக் கீழிருந்த இருவர் தாமாகவே அக்குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மூவரும் சிறையிலிருந்த காலம் மாதக் கணக்கில் அடங்கும். ஸ்பானியர் மேன்முறையீடுகளின் பின் 2021இல்தான் சிறைக்குச் சென்றார். இருபதாண்டு கழிந்து இரண்டு மாதம்! எதிர்காலத்தில் மௌனம் காக்க எண்ணும் தலைவனை அஞ்சவைக்கும் தண்டனையா இது?

ஆகவே என் கருத்து இது. தெரிந்தும் பொலிசாருக்கு அறிவியாத அதிகாரி, தன் சொந்த உடலால், சிறையில், அதற்கு விடை கூறவேண்டும். பென்சில்வேனியா 2014இல் தன் சட்டங்களை இத்திசையில் கடுமையாக்கியது. 2018இல் அமெரிக்கக் காங்கிரசு, தேசிய விளையாட்டு அமைப்புகளில் சிறுவரோடு பழகும் பெரியோர் 24 மணி நேரத்துள் முறையிடவேண்டுமென்று விதித்தது. நல்லது. நிறுவனத்துக்கோ வேறு தண்டனை வேண்டும்: எத்தனை ஆண்டுகள் மறைத்ததோ அத்தனை ஆண்டுகளுக்கு, ஆட்டத்தால் வரும் மிகுதிப் பணம் பாதிக்கப்பட்டோருக்கும் சிறுவர் காப்புக்கும் போகவேண்டும். ஆட்டம் நடக்கட்டும், வீரன் ஆடட்டும், இலாபம் மட்டும் நிறுவனத்தின் கையில் தங்கலாகாது. பென் ஸ்டேட்டைச் சேர்ந்த பிக் டென் கூட்டும் 2012இல், இறுதிப் போட்டி வருவாயில் அதன் பங்கான ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் டொலரைச் சிறுவர் நலனுக்குத் திருப்பியது.

அப்பணத்தால்தான் நீச்சலும் மல்யுத்தமும் பெண்களின் ஆட்டங்களும் நடக்கின்றன, அவை பட்டினி கிடக்குமே என்பர். மெய்தான். ஆகையால் முதலில் கைவைக்க வேண்டியது பயிற்றுநரின் சம்பளத்திலும் மைதானத்தை மேலும் பெருக்கும் செலவிலும். அவற்றுக்குப் பின்னும் பற்றாக்குறை எழுந்தால், அந்த நட்டத்தை ஆளுனர் சபை பழைய மாணவர் முன்னிலையில் எழுந்து நின்று விளக்கட்டும். இவ்விதி ஒரு நிறுவனம் அகப்பட்ட பின்னரன்று, அகப்படுமுன் எழுதப்படவேண்டும். பேலர் வழக்கில் விதியில்லை என்று கைவிரித்த சங்கத்துக்கு, அதனை எழுத அன்றிலிருந்து எத்தனையோ பொதுக்கூட்டங்கள் கிடைத்திருக்கின்றன.