பறவைக்குக் காடு, குரங்குக்கு அடி
மேற்கு அருணாசலப் பிரதேசத்திலிருந்து உயிரியலுக்கு அடுத்தடுத்து இரண்டு புதுவரவுகள்: 2005-ல் முன்சாலா குரங்கு, 2006-ல் புகுன் லியோசிக்லா என்ற பாடும் பறவை. குரங்கைப் புகைப்படங்களைக் கொண்டே விவரித்தார்கள். ரமணா ஆத்ரேயா பறவையை வலையில் பிடித்து, சில இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு பறக்கவிட்டார். அன்று கண்ணில் பட்டவை மொத்தமே 14. ஒன்றைக் கொன்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தால் அபத்தம்தான்.

குரங்கு, தென்னிந்தியக் கோயில் வாசல்களில் வாழைப்பழம் பறிக்கும் நாட்டுக் குரங்கின் பங்காளி. பறவையின் உறவோ சீனாவின் எமெய் மலையில். சர்வதேச சிவப்புப் பட்டியலில் குரங்கு 'அபாயத்தில்'. பறவை ஒரு படி மேலே, 'மிகக் கடும் அபாயத்தில்'.

ஆனாலும் அதிர்ஷ்டசாலி பறவைதான். தங்கள் இனத்தின் பெயர் தாங்கிய அதன் பொருட்டு சிங்சுங் கிராமத்துப் புகுன் மக்கள் 2017-ல் 17 சதுர கி.மீ. காட்டை ஒதுக்கினார்கள். குரங்கு மக்காச்சோளக் கொல்லையில் இறங்குகிறது. விவசாயிகள் விரட்டுகிறார்கள், சில சமயம் கொன்றும் விடுகிறார்கள்.