மோதிரம் யாருடையது?

ஒருவர் கைவிட்ட பந்தினால் வேறொருவரின் புகழ் நிலைபெற்றது என்றால் நம்பத் தயங்குவோம். ஆயினும், அமெரிக்க உதைபந்தாட்டத்திலே அவ்வாறு நிகழ்ந்ததுண்டு. (அவ்வாட்டத்தில் காலுக்கு வேலை குறைவு, பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். பெயர் குறித்து நாம் ஏன் வழக்காட வேண்டும்?)

அணிக்குப் பதினொருவராகக் களத்தில் நிற்போருள், பந்தைப் பெற்று எவரிடம் எறிவது என்று ஓரிரு கணத்தில் முடிவுசெய்பவரைக் குவாட்டர்பேக் என்பர். வென்றால் மாலை அவருக்கே. தோற்றால் வசையும் அவருக்கே. அணியின் வெற்றி தோல்விகளையெல்லாம் பத்திரிகைகள் அவர் பெயரிலேயே கணக்கெழுதி வைக்கின்றன.

2008 பெப்ரவரியில் நடைபெற்ற சுப்பர் போல் இறுதியாட்டத்திற்கு, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 18 ஆட்டங்களில் தோல்வியறியாது வந்தது. எதிரே ஈலை மானிங்கின் நியூயோர்க் ஜயன்ட்ஸ். முடிவு நெருங்கியபோது, பின்தங்கியிருந்த மானிங் எறிந்த பந்தொன்று எதிரணி வீரர் அசாந்தே சாமுவேலின் விரல்களிற் பட்டு நழுவிற்று. அவர் பற்றியிருந்தால் ஆட்டம் அநேகமாக அங்கேயே முடிந்திருக்கும். அடுத்து எறிந்த பந்தை டேவிட் டைரி தம் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்தார். ஜயன்ட்ஸ் 17–14 என வென்றது, ஆட்டநாயகர் மானிங். எதிரணியை 14 புள்ளிகளில் மடக்கிய தற்காப்பு வீரரின் பெயர்களை இன்று எத்தனைபேர் சொல்வர்? 2012இலும் அதே எதிரணியை வென்று, அவர் மீண்டும் ஆட்டநாயகரானார்.

வெற்றியணியினர்க்கு மோதிரம் அணிவிப்பது அங்குள்ள வழக்கம். மோதிரத்தை எண்ணியே மனிதரை அளப்பது எழுதுவோர் வழக்கம். மயாமியின் டான் மரீனோ 1984இல் 5,084 யார் தூரம் பந்தெறிந்தார். அதுவரை எவரும் ஐயாயிரத்தைத் தொட்டதில்லை. பதினேழு பருவங்கள் ஆடியும் மோதிரம் பெறாதவர் என்ற அடைமொழி அவரை விட்டு நீங்கவில்லை. மாறாக, 2001 ஜனவரியில் பால்டிமோர் ரேவன்ஸுக்காக மோதிரம் வென்ற ட்ரென்ட் டில்ஃபரை அவ்வணியே அடுத்த பருவத்திற்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வெற்றி தற்காப்பினருடையது என்பதை, கூலி கொடுப்போர் நன்கறிந்திருந்தனர் போலும்!

இரசிகர் மனமோ இன்னும் விந்தையானது. தொடர்ந்து 210 லீக் ஆட்டங்களில் முதலிலேயே களமிறங்கிய மானிங்கை 2017 டிசம்பரில் ஓர் ஆட்டத்திற்கு அமர்த்தி வைத்தனர். அதுவரை அவரைக் குறைகூறியோரும் கொதித்தெழுந்தனர். சில நாட்களில் பயிற்றுநர் பதவியிழந்தார்.

2025இல் ஒஹாயோ மாநிலத்துக் கன்ரனிலுள்ள கீர்த்தி மண்டபத்திற்கு மானிங்கின் பெயர் முதன்முறை பரிசீலனைக்கு வந்தது, தேர்வாகவில்லை. வாக்களிப்போருட் பெரும்பாலோர் பத்திரிகையாளர். மரீனோவுக்கு மோதிரமில்லையே என்று ஏங்கிய அதே உலகம், இரண்டு மோதிரம் பெற்றவரிடம் 117 வெற்றி, 117 தோல்வி என்ற கணக்கை நீட்டிற்று! மரீனோவோ 2005இல், முதல் வாய்ப்பிலேயே, அம்மண்டபம் புகுந்தவர்.

அக்குழுவில் எனக்கொரு வாக்கிருப்பின், மானிங்குக்கு அளிக்க நானும் தயங்குவேன். ஆனால் 117ஐக் காரணங் காட்டேன்; அது ஓர் அணியின் கணக்கு. அவர் எறிந்தவற்றுள் 366 பந்துகள் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளியாயின. 244 எதிரணியினர் கையிற் சிக்கின. இவற்றையே எண்ணுவேன், சாமுவேல் கைநழுவவிட்ட பந்து அந்த 244இல் சேரவில்லை என்பதையும் நினைத்துக்கொள்வேன்.