பகற்கொள்ளையும் பகல் வெயிலும்

எங்கள் தெரு மாஸ்டர் மின்சார பில்லைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். இளைப்பாறி இருபது வருடமானாலும் மெல்பேர்ணில் எங்களுக்கு அவர் மாஸ்டர்தான். "தம்பி, அறுபது சதம் தந்தவங்கள் இப்ப பூச்சியம் போட்டிருக்கிறாங்கள். இது பகற்கொள்ளை இல்லையோ?"

கோபத்தில் நியாயம் இருக்கிறது. விக்டோரியாவில் 2009 நவம்பரில் தொடங்கிய சூரிய மின்சாரத் திட்டத்தில் சேர்ந்தவர்கள், கூரைப் பனலிலிருந்து வெளியே அனுப்பிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 60 சதம் வாங்கினார்கள். 2024 நவம்பர் முதலாம் திகதியோடு அது முடிந்தது. பிந்தி வந்த என்னைப் போன்றவர்களுக்கு 2019-20இல் 12 சதம். 2025-26க்கு அத்தியாவசிய சேவைகள் ஆணைக்குழு சொன்ன குறைந்தபட்ச விலை 0.04 சதம். மாஸ்டர் கணக்கு வாத்தியார். அன்று ஒரு யூனிட்டுக்கு வந்த காசுக்கு இன்று 1,500 யூனிட் அனுப்பவேணும் என்று வாயாலேயே கணக்குப் போட்டார்.

ஆனாலும் இதைக் கொள்ளை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வீடு மாமரம் காய்த்துத் தொங்குகிற மாதத்தில் கடகத்தில் மாம்பழத்தோடு சந்தைக்குப் போனால் யார் விலை கேட்பார்கள்? அவுஸ்திரேலியாவில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் பனல் இருக்கிறது. வசந்த காலத்து மத்தியானங்களில் மொத்தச் சந்தை விலை பூச்சியத்துக்கும் கீழே போகிறது. அதே மின்சாரத்தை இரவு ஏழு மணிக்கு நாங்கள் 30 சதமளவில் வாங்குகிறோம். ஆகவே விற்கிற யோசனையை விட்டுவிட்டு, வாங்காமல் இருக்கிற வழியைத்தான் பார்க்கவேணும்.

அம்மா வெயில் பார்த்து வேப்பம்பூ வடகம் காயவைப்பா. எங்கள் வீடும் அந்த ஒழுங்குக்குத் திரும்பியிருக்கிறது. சுடுதண்ணீர்த் தாங்கிக்கு ரைமர் பூட்டி, இரவில் கொதித்ததைப் பகல் பதினொரு மணிக்கு மாற்றினேன். உடுப்புத் தோய்ப்பது, தோசைக்கு அரைப்பது எல்லாம் மத்தியானம். முதல் சனிக்கிழமை ஆசை மிகுந்து அவணையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாய் ஓடவிட்டேன். என் இன்வேட்டர் 5 கிலோவாட்டுக்கு மேல் தராது. மிச்சத்தை நல்ல வெயிலில் காசு கொடுத்து வாங்கினேன். இப்போது ஒன்று முடிந்தபிறகுதான் மற்றது.

பற்றரி அதற்குப் பிறகு. 2025 ஜூலையிலிருந்து மத்திய அரசு விலையில் ஏறத்தாழ 30 வீதம் கழிக்கிறது. அந்தக் கழிவு கொள்ளளவைப் பார்த்துக் கணக்கிடப்படுவதால், விற்க வருபவர் பெரியதையே காட்டுவார். என்னிடம் வந்தவர் 40 கிலோவாட்-மணி, அதாவது 40 யூனிட், என்றார். மாலை தொடங்கி விடியும்வரை எங்கள் வீடு எடுப்பது எட்டு யூனிட்! பத்தோடு நிறுத்தினேன். ஆனி மாதத்து மெல்பேர்ண் வானத்தில் அதுவே பல நாள் நிரம்புவதில்லை. இன்னொன்று: பற்றரி இருந்தால் மின்தடையில் விளக்கு எரியும் என்று நம்பிவிடாதீர்கள். அதற்கென்று தனியாக வயரிங் செய்திருந்தால்தான் எரியும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்டர் இன்னும் பற்றரி வாங்கவில்லை, ரைமர் மட்டும் பூட்டியிருக்கிறார். நீங்களும் விற்பனைக்காரரைக் கூப்பிட முதல், இரண்டு கிழமைக்கு மாலை ஆறு மணிக்கும் காலை ஏழு மணிக்கும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் குறித்து வையுங்கள்.