பெட்டி வந்தாயிற்று, சாவி யாரிடம்?

நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. கல்யாணப் போட்டோ, வீட்டுப் பத்திரம், ஜாதகக் கட்டு, கூறைப் புடவை எல்லாம் அதற்குள்தான். சாவி பாட்டியின் இடுப்பில் இருக்கும். யாருக்கு எது வேண்டுமானாலும் பாட்டியிடம்தான் வர வேண்டும். எங்கே எது இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை.

இன்று அந்தப் பெட்டி எங்கே, சொல்லுங்கள் பார்க்கலாம். குழந்தை முதன் முதலில் அடியெடுத்து வைத்த காட்சி அப்பாவின் செல்போனில் இருக்கிறது. வளைகாப்புப் படங்கள் அத்தையின் வாட்ஸப்பில் இருக்கின்றன. பெண்ணின் மார்க் ஷீட் லாப்டாப்பில். கல்யாண வீடியோ ஏதோ ஓர் அலமாரியில் கிடக்கும் பென் டிரைவில். செல்போன் ஒரு தரம் தண்ணீர் வாளிக்குள் விழுந்தால் போதும், இரண்டு வருஷத்துச் சரித்திரம் அதோடு சரி!

"கூகிளில்தான் எல்லாம் ஏறிவிடுகிறதே?" என்பீர்கள். ஏறத்தான் செய்கிறது. சற்றுச் சுருக்கிய படங்களைக் கணக்கு வழக்கில்லாமல் இலவசமாக வாங்கி வைத்துக் கொண்டிருந்த கூகிள், 2021 ஜூன் 1-ந் தேதியோடு அந்தத் தாராளத்தை நிறுத்திவிட்டது. இப்போது கடிதம், கோப்பு, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட்தான் இனாம். அதற்கு மேல் மாதா மாதம் வாடகை.

ஆகவேதான் டிரங்குப் பெட்டியை வீட்டுக்கே திரும்பக் கொண்டு வரலாம் என்ற யோசனை பலருக்குத் தோன்றியிருக்கிறது. புதுப் பெட்டியின் பெயர் மினி பி.சி. டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அலுவலகங்களில் மானிட்டரின் முதுகில் ஒட்டிக் கொண்டிருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்திருப்பீர்களே, அதே ஜாதிதான். அலுவலகங்கள் கழித்துக் கட்டியவை பழுது பார்க்கப்பட்டு மலிவாகவும் கிடைக்கின்றன. இதை வைஃபை பெட்டியோடு ஒரு கம்பியால் இணைத்து, ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்திவிட்டால் வீட்டுக்கென்று ஒரு சர்வர் தயார். சர்வர் என்றதும் மிரள வேண்டாம். ஹோட்டலில் இட்லி கொண்டு வருகிறவரும் சர்வர்தானே? கேட்டதைக் கொண்டு வந்து பரிமாறுவதுதான் இதற்கும் வேலை.

இரவு பகலாக ஓடினால் மின்சாரக் கட்டணம் என்ன ஆவது? நல்ல கேள்வி. 2023-ல் வெளிவந்த இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள பெட்டி, சும்மா இருக்கும்போது பத்து வாட் அளவில்தான் மின்சாரம் குடிக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஏழு யூனிட். பரணில் தூங்கும் பழைய டெஸ்க்டாப்பை எடுத்து இதே வேலைக்கு வைத்தால் ஐந்தாறு மடங்கு ஆகும்.

இடமும் தாராளம். செல்போன் படம் ஒன்று நான்கு மெகாபைட் என்று வைத்துக் கொண்டால், ஒரு டெராபைட் டிஸ்க்கில் இரண்டரை லட்சம் படங்கள் அடங்கும். வீடியோதான் இடத்தைத் தின்னும். பேத்தியின் நாட்டியத்தை முழுக்க எடுக்கிற வீடாக இருந்தால், இரண்டு அல்லது நான்கு டெராபைட்டாகவே வாங்கிவிடுவது நல்லது.

பெட்டிக்குள் என்ன மென்பொருள் போடுவது? ஓப்பன் மீடியா வால்ட் என்று ஒன்று. காசு கொடுக்க வேண்டாம். படங்களுக்கு மட்டும் தனியாக இம்மிச் என்று ஒன்று. அது பிறந்த கதை ரசமானது. அமெரிக்காவில் அலெக்ஸ் டிரான் என்ற எஞ்சினியர் வீட்டில் குழந்தை பிறந்தது. படங்கள் குவிந்தன. "படம் வைக்க மாதா மாதம் பணம் கட்டுவானேன்? எனக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்பீர்களே, இதைச் செய்யக் கூடாதா?" என்கிற அர்த்தத்தில் மனைவி கேட்டாராம். செய்துவிட்டார்! 2022-ல் அது வெளியாயிற்று. வீட்டு வைஃபையில் செல்போன் இருந்தால் படங்கள் தாமாகவே பெட்டிக்குப் போய்ச் சேரும். தாத்தா இருக்கிற படங்களை மட்டும் கேட்டால், முகம் பார்த்துப் பொறுக்கிக் கொடுக்கும்.

வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். ஃபிரிட்ஜின் தலைமேல் வேண்டாம், பூஜை அறை விளக்கின் அருகில் வேண்டாம், தரையிலும் வேண்டாம். காற்றாட, உயரமாக வையுங்கள். மின்சாரம் அடிக்கடி போய் வருகிற பேட்டையானால், சின்ன யு.பி.எஸ். ஒன்று அவசியம். மின்சாரம் திரும்பியதும் பெட்டி தானே விழித்துக் கொள்ளும்படி அதன் அமைப்பில் ஓர் ஏற்பாடு இருக்கும். அதைச் செய்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். பெட்டி வந்த சந்தோஷத்தில் முக்கால்வாசிப் பேர் செய்கிற காரியம், செல்போனில் உள்ளதையெல்லாம் பெட்டிக்கு மாற்றிவிட்டு, செல்போனில் அழித்துவிடுவது. அதைச் செய்யவே செய்யாதீர்கள்! ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு நாள் நின்றே தீரும் வஸ்து. "இரட்டை டிஸ்க் போட்டிருக்கிறோம், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் விழும்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வாஸ்தவம். நீங்கள் கை தவறி அழித்தால், அந்த அழிப்பும் மற்றதில் அப்படியே விழும்!

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது என்ன ஆயிற்று? கீழ்த்தளத்து வீடுகளில் அலமாரியோடு ஆல்பங்களும் சர்டிபிகேட்டுகளும் ஊறிப் போயின. சர்டிபிகேட்டுக்கு மாற்றுப் பிரதி கொடுக்கச் சர்க்கார் விசேஷ முகாம் நடத்தியது. கல்யாணப் போட்டோவுக்கு எந்தச் சர்க்கார் முகாம் நடத்தும்? தண்ணீருக்கு டிரங்குப் பெட்டியும் ஒன்றுதான், மினி பி.சி.யும் ஒன்றுதான்.

இன்னொரு சேதி. 2021 ஜூனில் 'மை புக் லைவ்' என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டியை வைத்திருந்த பலர், ஒரு நாள் காலையில் பார்த்தால் உள்ளே எல்லாம் துடைத்தாற்போல் காலி! இணையத்தின் வழியாக யாரோ புகுந்து அழித்துவிட்டார்கள். அந்தப் பெட்டியின் பாதுகாப்பைப் புதுப்பிப்பது 2015-லேயே நின்று போயிருந்தது. வேறொரு பிரதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆகவே, வெளியூரிலிருந்து படம் பார்க்க வேண்டுமென்று ரௌட்டரில் வாசலைத் திறந்து வைக்க விடாதீர்கள். டெயில்ஸ்கேல் போன்ற பத்திரமான வழிகள் இருக்கின்றன. மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

படக்கலைஞர்கள் இதற்கு 3-2-1 என்று ஒரு சுலபக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. செல்போனில் ஒன்று, பெட்டியில் ஒன்று, மூன்றாவது ஒரு வெளி டிஸ்க்கில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிறந்த வீட்டுக்குப் போவீர்கள் அல்லவா? அந்த டிஸ்க்கை அம்மாவின் பீரோவில் விட்டு வாருங்கள். அடுத்த தரம் இன்னொன்றைக் கொடுத்து மாற்றிக் கொள்ளுங்கள். நடுநடுவே அதில் ஒரு படத்தைத் திறந்தும் பாருங்கள். ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்க்காமல் வருஷம் முழுவதும் இருப்பீர்களா?

கடைசியாகச் சாவிக்கு வருவோம். அநேக வீடுகளில் இந்தப் பெட்டியை வைப்பவர் கணவர், அல்லது பிள்ளை. கடவுச்சொல் அவர் மனத்திலே இருக்கும். பிள்ளை மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விடுகிறான். கணவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிடுகிறார். சொல்லக் கூடாத வார்த்தைதான், ஆனாலும் மனித வாழ்க்கையில் எதுவும் நடக்கலாம். இன்ஷூரன்ஸ் காகிதத்தின் பிரதியும் அதே பெட்டியில்தான் இருக்கும்! டிஸ்க்கைக் குறியீட்டால் பூட்டியிருந்தால், கடவுச்சொல் இல்லாமல் எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது. அன்றைக்கு அது பெட்டி அல்ல, செங்கல்.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். கடவுச்சொல், டிஸ்க் இருக்கும் இடம், பெட்டியை நிறுத்தும் முறை, மறுபடி ஓட்டும் முறை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லி வாங்கி, நகைப் பெட்டியோடு வையுங்கள். பிறகு அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்த நோட்டை மட்டும் பார்த்து நீங்களே பெட்டியை நிறுத்தி, மறுபடி ஓட்டி, உங்கள் கல்யாணப் படம் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். எங்கேயாவது தடுக்கினால் நோட்டில் ஏதோ விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். அவரையே எழுதச் சொல்லுங்கள். நடுவில் "அதில்லை, இப்படி" என்று அவர் எழுந்து வந்தால், காப்பி கிடையாது என்று சொல்லிவிடுங்கள்!