எழுத்துப்பிழைதானே என்று விடலாமா?

எங்கள் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவரிடம், பாவில் ஒரு இழை அறுந்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தறியை நிறுத்தி முடிச்சுப் போட்ட பிறகுதான் பதில் சொல்வார். மென்பொருள் கையேடுகளில் உள்ள எழுத்துப்பிழை, சொற்பிழைகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் ஜிபிஜி போன்ற, தகவலைப் பூட்டி அனுப்பும் மறையாக்க மென்பொருள்களின் கையேடுகளில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஜிபிஜியில் இரண்டு சாவிகள் உண்டு. பொதுச் சாவியை யாருக்கும் தரலாம். ரகசியச் சாவியை யாருக்கும் தரக்கூடாது. கையேட்டில் ஓரிடத்தில் இவை மாறி விழுந்தால், புதிதாகப் படிப்பவர் எதை அனுப்புவார்? கட்டளையில் வர வேண்டிய இரண்டு சிறு கோடுகள் ஒட்டி ஒரே நீளக் கோடானாலும் கட்டளை ஓடாது. "நமக்கு இது ஒத்துவராது" என்று மூடிவிட்டு, பழையபடி பூட்டாமலே அனுப்புவார்.

உடனே திருத்தாத பிழை நிலைத்தும் விடும். எச்டிடிபி நெறிமுறையில் 'ரெஃபரர்' என்ற சொல் ஒரு 'ஆர்' குறைந்து 1996 ஆவணத்தில் ஏறியது. இன்றும் உலாவிகள் அந்தப் பிழையோடுதான் அனுப்புகின்றன.

அதற்காகத் திருத்தம் என்ற பெயரில் தொல்லை தரக்கூடாது. 2020 ஹேக்டோபர்ஃபெஸ்டில் நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். நம் நாட்டு மாணவர்கள் உட்படப் பலர் தேவையில்லாத வரிகளை அனுப்பிக் குவித்தார்கள். விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. கெட்ட பெயர் நமக்குத்தான்.

எனவே நண்பர்களே, முழுப் பக்கத்தையும் படியுங்கள். கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பிறகு அனுப்புங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய நல்ல உதவி இது.