பனிக்கட்டியின் சாட்சியம்

"பூமி சூடாவதும் குளிர்வதும் புதிதா? ஆலையும் மோட்டாரும் இல்லாத காலத்திலேயே நடந்ததுதானே? இன்று மட்டும் ஏன் இந்தக் கூச்சல்?" என்று கேட்போர் இருக்கிறார்கள். கேட்கட்டும். பதில் சொல்ல நாம் தயார். நமக்கு ஊகம் வேண்டாம், சாட்சியையே அழைப்போம்.

தென் துருவக் கண்டத்தின் நடுவே வோஸ்தோக் என்றொரு நிலையம் உண்டு. 1957-ல் சோவியத் நாடு அமைத்தது. 1982 ஏப்ரலில் அங்கு மின்சார நிலையம் தீக்கிரையானது, ஒருவர் மாண்டார். எஞ்சிய 20 பேரும் தாமே செய்த அடுப்புகளின் சூட்டில் அந்தக் கொடுங்குளிரைத் தாண்டினர். மறு ஆண்டு ஜூலையில் அங்கே உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரிக்கு இறங்கியது. அத்தகைய இடத்தில்தான் உழைப்பாளர்கள் பனியைத் துளைத்துக்கொண்டே போய், 1998-ல் 3,623 மீட்டர் ஆழத்தை எட்டினர். துளைத்தவர் சோவியத் நாட்டினர், பின்னர் ரஷ்யர். ஆராய்ந்தவர்களில் முன்னின்றவர் பிரெஞ்சு விஞ்ஞானிகள். உதவிக்கு வந்தவை அமெரிக்க விமானங்கள். பனிப்போர் நாட்களிலேயே பனிக்கட்டிக்காகக் கைகோத்தார்கள்!

அந்தப் பனிக்கட்டியில் என்ன இருக்கிறது? ஆண்டுதோறும் விழும் பனி, பழைய பனியை அழுத்தி இறுக்குகிறது. இடையில் சிக்கிய காற்று குமிழியாகி அடைபட்டு நிற்கிறது. அது அக்காலத்துக் காற்றேதான். கட்டியிலுள்ள நீரில் கனமான அணுக்கள் எவ்வளவு என்று பார்த்தால் அன்றைய உஷ்ணமும் தெரியும். வோஸ்தோக் 4,20,000 ஆண்டுகளின் கணக்கைக் கொடுத்தது. ஐரோப்பிய நாடுகள் கூடி டோம் சி என்ற இடத்தில் எடுத்த பனிக்கட்டி, 8 லட்சம் ஆண்டுகளின் கணக்கைக் கொடுத்தது. முதலாளியின் பேரேட்டைத் திருத்தலாம். இந்தப் பேரேட்டைத் திருத்த எவராலும் முடியாது.

சாட்சி சொல்வது இதுதான்: அந்த 8 லட்சம் ஆண்டுகளிலும் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியது. இன்றோ 420-ஐத் தாண்டிவிட்டது!

பூமி தானாகவும் சூடானது உண்மை, மறைக்கமாட்டோம். சூரியனைச் சுற்றும் பாதையில் ஏற்பட்ட சிறு மாறுதல் தொடங்கி வைத்தது. கடலிலிருந்து வெளிப்பட்ட கரியமில வாயு அதைப் பெருக்கியது. ஆனால் வேகத்தைப் பாருங்கள். கடைசிப் பனியுகம் முடிந்தபோது சுமார் 80 பங்கு ஏற, பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. 1958-ல் சுமார் 315 ஆக இருந்தது, 70 ஆண்டுகளுக்குள் 100 பங்குக்கு மேல் ஏறிவிட்டது. இது இயற்கையின் வேகமா? இல்லை, நிலக்கரியும் எண்ணெயும் எரித்த வேகம்!

அப்படியானால் சுரங்கத் தொழிலாளிதான் குற்றவாளியா? இல்லவே இல்லை. அவன் வெட்டியது கூலிக்காக. லாபம் போன இடம் வேறு. அவன் பிழைப்பைக் கேடயமாகக் காட்டி உண்மையை மூடப் பார்ப்பதைத்தான் நாம் கண்டிக்கிறோம். மாற்றுச் சக்தி வரட்டும். அதோடு மாற்று வேலையும், குறையாத கூலியும் வரட்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

வெயிலில் முதலில் சாய்பவன் குளிர் அறையில் இருப்பவன் அல்ல; மூட்டை சுமப்பவன், கல் உடைப்பவன், நாற்று நடுபவள். ஆகவே இந்த வழக்கு விஞ்ஞானிகளின் வழக்கு மட்டுமல்ல, நம்முடைய வழக்கு. சாட்சி பேசிவிட்டது. இனிப் பேச வேண்டியவர்கள் நாம்!