பதினாயிரம் அடிக் கணக்கு

மணிக்கட்டில் கட்டிய சிறு பட்டையின் முகப்பில் ஒளிரும் எண்ணை நாழிகைக்கொரு முறை நோக்கி, அது பதினாயிரத்தை எட்டாத தினங்களில் ஏதோ அபராதம் செலுத்த வேண்டியவர்போல் இரவு உணவுக்குப் பின் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக உலவும் கனவான்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், அந்தப் பிரமாணம் எங்கிருந்து பிறந்தது என்று விசாரிப்பது அவசியமாகிறது. வைத்திய சாஸ்திரம் ஆராய்ந்து விதித்ததன்று அது. 1964-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களைத் தொடர்ந்து, மறு ஆண்டு ஜப்பானில் ‘மான்போ-கெய்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் கருவியொன்றோடு புறப்பட்ட எண் அது. 2019-ல் ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீயும் அவர் சகாக்களும், சராசரி 72 வயதுடைய அமெரிக்க மாதர் 16,741 பேரை ஆராய்ந்து, தினம் ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட மரண அபாயம் கணிசமாகக் குறைந்திருந்ததென்றும், சுமார் 7,500-க்கு மேல் அந்த அனுகூலம் பெருகவில்லையென்றும் கண்டனர்.

மணிக்கட்டுப் பட்டையின் சாட்சியமும் பூரணமானதன்று. அது கையின் அசைவைக் கொண்டே அடிகளை அனுமானிப்பதால், குழந்தையின் தள்ளுவண்டியைப் பற்றி நடப்பவரின் அடிகளை விட்டுவிடுவதும், நின்ற இடத்திலேயே கைவீசிப் பேசுபவருக்கு (நம் மேடைப் பேச்சாளர்கள் இதனால் பெரும் பயன் பெறலாம்) சில அடிகளைத் தானமாக அளிப்பதும் உண்டு. ஆயினும் நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட அது போதும். முதியோரே, எண் எட்டவில்லையென்று சோர்ந்து நடையையே நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வழக்கத்துக்கு மேல் சில நூறு அடிகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.